பத்தில் ஒன்பது பங்கு: கிறிஸ்தவ இல்லமும் பணத்தின் கணக்கும்

கிறிஸ்தவ இல்லங்களில் பணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தசமபாகத்தில் தொடங்கித் தசமபாகத்திலேயே முடிந்துவிடுகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கென்று பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாட்டு நியமமே தசமபாகம். அதை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதில் கணக்கிடுவதா, சொந்தச் சபைக்கே செலுத்துவதா, வேறு ஊழியங்களுக்கும் பகிர்வதா என்ற கேள்விகள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் விசுவாசிகளிடையே ஓயாமல் எழுகின்றன. மீதியிருக்கும் ஒன்பது பங்கு எங்கே வைக்கப்படுகிறது, என்ன வட்டிக்குப் போகிறது, யாருடைய கூலியைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கப்படுகிறது, குடும்பத் தலைவரின் மறைவுக்குப் பின் யார் கைக்குச் சேர்கிறது என்ற கேள்விகள் அதே அக்கறையோடு கேட்கப்படுவதில்லை. இவ்வுரையின் பொருள் அந்த ஒன்பது பங்கே.

புதிய ஏற்பாட்டில் செல்வத்தைப் பற்றிய போதனையின் மையத்தில் நிற்பவர் உக்கிராணக்காரர், அதாவது முதலாளியின் பொருளைத் தம் பொறுப்பில் வைத்திருந்து, உரியவர்க்கு உரிய வேளையில் எடுத்துக் கொடுத்து, கேட்கும் நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய பணியாளர். சீர்திருத்தச் சபைகள் உக்கிராணத்துவம் என்று சொல்லும் கோட்பாடு இதிலிருந்து எழுந்தது: பணம் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது, அவனுக்கே உரியதன்று. இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால், பத்தில் ஒன்று கடவுளுக்கு, ஒன்பது எனக்கு என்ற பாகப்பிரிவினைக்கு இடமில்லாமல் போகிறது. ஒன்பது பங்குக்கும் கணக்குக் கேட்கப்படும். புதினாவுக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதாக மத்தேயு நற்செய்தி கூறுவதும் இதன்பொருட்டே.

சென்னையின் தென்பகுதியில் இதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. மயிலாப்பூரில் திருத்தூதர் தோமா அடக்கம் செய்யப்பட்டார் என்ற மரபின்மேல் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. அந்தத் தோமாவைப் பற்றி கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரிய மொழியில் எழுதப்பட்டதாக அறிஞர் கருதும் 'தோமாவின் பணிகள்' என்னும் நூல், விவிலியத் திருமுறையில் சேர்க்கப்படாத நூலாயினும், பணத்தைப் பற்றிய மிகத் துணிவான ஒரு கதையைத் தாங்கியிருக்கிறது. குந்தபோரஸ் என்னும் இந்திய அரசன் தனக்கு ஓர் அரண்மனை கட்டித் தருமாறு தச்சரும் கட்டடக் கலைஞருமான தோமாவிடம் பெரும்பொருள் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பகிர்ந்துவிடுகிறார். வேலை எம்மட்டில் இருக்கிறது என்று அரசன் ஆள் அனுப்பிக் கேட்கும்போது, கூரை ஒன்றே பாக்கி என்ற விடை போகிறது. கூரைக்கும் பொன் வருகிறது, அதுவும் ஏழைகளுக்கே போகிறது. உண்மை தெரிந்த அரசன் தோமாவைச் சிறையிலிடுகிறான். அந்த இரவில் இறந்த அரசனின் தம்பி விண்ணுலகில் தன் அண்ணனுக்கென்று எழுப்பப்பட்டிருக்கும் மாளிகையைக் கண்டு, மீண்டும் உயிர்பெற்று வந்து, அதைத் தனக்கு விற்கும்படி அண்ணனிடம் கேட்கிறான். கதை கற்பனையாக இருக்கலாம். அரசன் கற்பனையல்லன் என்பதை வடமேற்கு இந்தியாவில் கிடைத்த அவனுடைய நாணயங்கள் காட்டின.

இக்கதை கொடையின் மேன்மைக்குச் சான்றாகப் பிரசங்கங்களில் எடுத்தாளப்படுவதுண்டு. ஆயினும் அதில் உள்ள சங்கடத்தை மறைப்பது நேர்மையாகாது. தோமா செலவழித்தது தம் பணத்தை அன்று; ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று பிறர் கொடுத்த பணத்தை. சபைப் பொருளாளரோ, அறக்கட்டளை நிருவாகியோ, சீட்டுப் பிடிப்பவரோ இக்கதையை முன்னுதாரணமாகக் கொண்டால் அது நம்பிக்கை மோசடியாகவே முடியும். திருத்தூதரின் கை சுத்தமானது என்பதற்குக் கதைக்குள்ளேயே வானுலகச் சாட்சி வருகிறது. சாதாரண நிருவாகிக்கு அத்தகைய சாட்சி வாய்ப்பதில்லை, அவருக்குத் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு ஒன்றே சாட்சி. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைக் கொண்டுசெல்லும்போது, தம்மீது எவரும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காகச் சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் அனுப்பிய பவுலின் ஏற்பாடு (கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம், எட்டாம் அதிகாரம்) பணம் கையாளும் விசுவாசிக்கு இக்கதையைவிடப் பொருத்தமான பாடம்.

கொடையையும் கணக்கையும் ஒருசேரக் கைக்கொண்ட ஒருவரைத் தேடுவோர் சைதாப்பேட்டை வரை போனால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் சென்னைக்கு வந்து குடியேறிய ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான், 1726இல் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அது இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பரங்கிமலை மாதா கோயிலுக்கு ஏறும் படிக்கட்டுகளையும் அவரே அமைத்தார். அவர் செய்தவற்றுள் மிகவும் போற்றத்தக்கது, பாலத்தைக் கட்டியதோடு நின்றுவிடாமல் அதன் பராமரிப்புக்கும் தனியே ஒரு தொகையை ஒதுக்கி வைத்ததாகும். கட்டுவதற்குக் கொடுப்பவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும். பழுது பார்ப்பதற்குக் கொடுப்பவரை ஒருவரும் நினைப்பதில்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற லூக்கா நற்செய்தியின் உவமை, திறப்பு விழாவோடு முடியாத, ஆண்டுக்காண்டு தொடரும் செலவையும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக் கடன் வாங்கும்போது மாதத் தவணையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, வேலை போனால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் கையிருப்பு ஆகியவற்றை எண்ணாமல் விடுவது விசுவாசத்தின் அடையாளம் ஆகாது.

கடனைப் பற்றித் திருச்சபையின் நிலைப்பாடு ஒரே சீராக இருந்ததில்லை. 325இல் கூடிய நீசேயா சங்கம் குருக்கள் வட்டிக்குக் கொடுப்பதைத் தடைசெய்தது. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம் வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தையே மறுத்தது. ஆனால் வட்டி வாங்காதே என்று விதிப்பதால் மட்டும் ஏழையின் அவசரத் தேவை தீர்ந்துவிடுவதில்லை என்பதைக் கண்டவர்கள் இத்தாலியின் பிரான்சிஸ்கன் துறவியர். 1462இல் பெரூஜியாவில், அடகுப் பொருளைப் பெற்றுக்கொண்டு நடைமுறைச் செலவுக்கு மட்டும் சிறு கட்டணம் வாங்கி ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் நிதியகம் அவர்கள் முயற்சியில் தோன்றியது. அந்தக் கட்டணம் வட்டிப் பாவம் ஆகாது என்று 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் ஏற்றுக்கொண்டது. சீர்திருத்தத் தலைவர் கால்வின் மிதமான வட்டியை அனுமதித்தார். 1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விடுத்த சுற்றுமடல், கடன் கொடுத்ததற்காகவே ஆதாயம் கேட்பது குற்றம் என்று உறுதிசெய்தபோதே, நட்டம் முதலிய வேறு நியாயமான காரணங்களுக்காகக் கூடுதல் தொகை பெறலாம் என்றும் இடம் கொடுத்தது. இந்த நீண்ட விவாதத்தில் மாறாமல் நின்றது ஒன்று: பிறருடைய நெருக்கடியே தன் வருமானமாக இருக்கக் கூடாது.

இதே எண்ணம் சென்னைக்கு வேறொரு வழியாக வந்தது. செருமனியில் சிற்றூர்த் தலைவராக இருந்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888), ஆழ்ந்த புராட்டஸ்டண்ட் பற்றுடையவர், உழவர்கள் வட்டிக்காரரிடம் நிலமிழப்பதைக் கண்டு, ஒருவரையொருவர் அறிந்த ஓர் ஊராரே சேர்ந்து சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்களை நிறுவினார். சென்னை மாகாண அரசின் பணிப்பின்பேரில் வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராய்ந்து 1895லும் 1897லும் அறிக்கை அளித்த சர் ஃபிரெடரிக் நிக்கல்சன், இம்மாகாணத்துக்குத் தேவை ஒரு ரைஃபைசன் என்றே முடிவு கூறினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சேலத்தில் பிறந்து ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் இந்தியத் தலைமைச் செயலாளரான கே.டி. பால் (1876-1931), சிற்றூர்க் கிறிஸ்தவர்களின் கடன் சுமையை ஆன்மிகப் பிரச்சினையாகவே கருதிக் கூட்டுறவுச் சங்கங்களைத் தம் கிராமப் பணியின் நடுவில் வைத்தார். மாதம் முதல் வாரத்தில் தண்டல்காரருக்குப் பயந்து வீட்டுக் கதவைச் சாத்தும் குடும்பத்துக்கு ஜெபத்தோடு கூடவே குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் வழியும் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். தண்டல் என்பது வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, நாள்தோறும் வசூலிக்கும் கடன்முறை. தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்ட கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி, மணிநேர வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆயினும் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் மீன்பாடு இல்லாத நாள்களில் எங்கே கைமாற்று வாங்குவது என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. அக்குப்பங்களுக்கு அருகிலேயே பெரிய ஆலயங்கள் இருக்கின்றன என்பதைச் சபைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு பாதுகாப்பாக இருக்கிறதா என்பதைப் பற்றி இப்பகுதிக்குப் பழைய, கசப்பான அனுபவம் உண்டு. 1906 அக்டோபரில் ஆங்கிலேயர் நடத்திய ஆர்பத்நாட் வங்கி நிறுவனம் திவாலானபோது சென்னையின் எத்தனையோ குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தன. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் கடுங்காவல் தண்டனை பெற்றார். மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அவருடைய நண்பர்களும் எடுத்த முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1990களில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்ததன் விளைவாக 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1872இல் தொடங்கி மயிலாப்பூர்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டு வந்த மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு நிதியில், முதிர்ந்த வைப்புத் தொகை திரும்ப வரவில்லை என்று முதலீட்டாளர்கள் புகார் செய்ய, 2024இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்து அதன் நிருவாக இயக்குநரைக் கைதுசெய்தது. நிதி என்பது உறுப்பினர்களிடமே வைப்பு வாங்கி உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் நிறுவனம். வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு அதற்குக் கிடையாது.

ஆங்கிலேயர் நிறுவனம், அக்கம்பக்கத்து நிறுவனம், ஆன்மிகப் பெயர் கொண்ட நிறுவனம் ஆகிய எல்லாவற்றிலும் மக்கள் ஏமாந்ததற்கு அடிப்படை ஒன்றே: தெரிந்தவர், நம்மவர், பக்தியுள்ளவர் என்பதால் கணக்குக் கேட்காமல் விட்டது. கிறிஸ்தவர் இதில் விதிவிலக்கு அல்லர். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் கையில் கொடுக்கும் அதிக இலாபத் திட்டத்தை, அவர் அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவர் என்ற ஒரே காரணத்துக்காக நம்பிப் பணம் போடுவது விசுவாசம் அன்று. இன்னும் வருத்தத்துக்குரியது, காணிக்கையை விதையென்றும் அதற்கு நூறு மடங்கு அறுவடை உண்டென்றும் சொல்லி, மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணத்தையும் கொடுக்கச் செய்யும் போதனை. இது கொடையை முதலீடாக மாற்றிவிடுகிறது. கொடுத்தும் வறுமையில் இருப்பவரிடம், உன் விசுவாசம் போதவில்லை என்ற பழியையும் சுமத்துகிறது. ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டியதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைக் கண்டித்திருக்கிறார் என்பதை இந்தப் போதகர்கள் சேர்த்து வாசிப்பதில்லை.

தியாகராய நகரின் உஸ்மான் சாலையையும் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களையும் தவிர்த்துவிட்டு ஒரு சென்னைக் குடும்பத்தின் சேமிப்பைப் பேச முடியாது. நகைக்கடையின் மாதச் சேமிப்புத் திட்டத்தில் பதினொரு மாதம் பணம் கட்டினால் செய்கூலியிலும் சேதாரத்திலும் சலுகை கிடைக்கிறது. முன்பணமாக வாங்கிய தொகையை 365 நாளுக்குள் பொருளாகத் தந்து தீர்க்காவிட்டால் அது வைப்புத் தொகையாகக் கருதப்படும் என்ற 2014ஆம் ஆண்டு விதியே பதினொரு மாதக் கணக்கின் பின்னணி. தங்கம் சேர்ப்பதில் தவறில்லை. பெண்ணின் பெயரில், அவள் கையாளும் சொத்தாக இருக்கும் தங்கம் பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் மகளின் திருமணத்துக்குச் சவரன் கணக்கில் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார், 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தை மீறிய பின், அந்தத் திருமணத்துக்கு ஆலயத்தில் ஆசீர்வாதம் பெறுவதும், பெற்ற தொகையில் தசமபாகம் செலுத்துவதும் எவ்விதத்திலும் பொருந்தாதவை. சபைகள் இதில் காட்டும் மௌனம் மன்னிக்கத்தக்கதன்று.

வீட்டு வேலை செய்பவரின் சம்பளமும் உக்கிராணக் கணக்கில் அடங்கும். வயலில் அறுத்தவர்களின் நிறுத்திவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதிய கடிதம் எச்சரிக்கிறது. அடையாற்றின் அடுக்குமாடி வீடுகளில் மாதச் சம்பளத்தை ஐந்தாம் தேதிக்கு மேல் தள்ளிப்போடுவது, உடல்நலமின்றி எடுத்த விடுப்புக்குப் பிடித்தம் செய்வது, தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ கொடுக்கும் புடவையைக் கூலி உயர்வுக்கு ஈடாகக் காட்டுவது ஆகியவை சின்னச் சின்ன விஷயங்களாகத் தோன்றும். வாங்குபவர் வீட்டில் அவை அரிசியும் பள்ளிக் கட்டணமும் ஆகும்.

இறுதியாக, பெற்றோரும் மறைவுக்குப் பிந்தைய ஏற்பாடும். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லி விலக்கிக்கொள்பவர்களை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு வன்மையாகக் கண்டிக்கிறார். காணிக்கையே கடமை தவறுவதற்குச் சாக்காக முடியும் என்பதை அவர் முன்னமே கண்டிருந்தார். இந்தியக் கிறிஸ்தவருக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, மூன்றில் இரண்டு பங்கும் தருகிறது. பிள்ளைகள் இருக்கும்போது, இறந்தவரின் தாய் தந்தையருக்கு அதில் பங்கே இல்லை. மகனின் வருமானத்தையே நம்பியிருக்கும் எழுபது வயதுத் தாய், அவன் திடீரென இறந்தால், மருமகளின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியவராகிறார். உயில் எழுதுவதை அபசகுனமாக நினைத்துத் தள்ளிப்போடுகிற கிறிஸ்தவர், பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளையைத் தம் மரணத்தோடு முறித்துவிடுகிறார்.

அதே சட்டத்தின் 118ஆம் பிரிவு, நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் சமயத்துக்கோ அறத்துக்கோ உயில் மூலம் சொத்து எழுதிவைப்பதானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதியிருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தது. மரணப்படுக்கையில் குருமார் வற்புறுத்தி எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பழைய ஆங்கிலேய அச்சத்தின் எச்சம் அது. ஜான் வல்லமட்டம் என்னும் கேரள குருவானவர் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. இன்று கிறிஸ்தவர் தம் சொத்தை முழு உரிமையோடு எவருக்கும் எழுதிவைக்கலாம். அந்த உரிமை கூடியதால் அதற்குரிய பொறுப்பும் கூடியிருக்கிறது. ஆகவே இவ்வுரையைப் படிப்போர் இந்த மாதமே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு: வங்கிக் கணக்குகள், வைப்புகள், காப்பீடு, கடன்கள், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், முதிய பெற்றோரின் பங்கைக் குறித்து இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு உயில் எழுதி வைக்க வேண்டும்.